பல்லின் வேரும் கம்பியின் விசையும்



கோணிய பற்களைக் கம்பி கட்டி நேராக்கும் வைத்தியம் இன்று பெருநகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தொலைவில், கடலையும் காட்டையும் எல்லையாகக் கொண்டு அமைந்துள்ள எங்கள் புல்மோட்டையிலும், சிரிக்கும்போது பற்களிற் கம்பி மின்னும் பிள்ளைகள் சிலரை வகுப்பறைகளிற் காண்கிறோம். இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும், வைத்தியம் வந்த வழியிலேயே அதைப் பற்றிய அச்சமும் வந்து சேர்ந்திருக்கிறது. "கம்பி போட்டால் பல்லின் வேர் கரைந்துவிடும்; நடுவயது வருமுன்பே பல்லெல்லாம் ஆடத் தொடங்கிவிடும்" என்கின்றனர் ஒரு சாரார். "பல்லை இழுத்து நேராக்க இரண்டு வருடம் எதற்கு? இறுக்கிக் கட்டினால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடுமே" என்கின்றனர் மற்றொரு சாரார். முதற் கூற்றைக் கேட்ட பெற்றோர் சிலர் பிள்ளையின் சிகிச்சையைப் பாதியிலே நிறுத்திவிடுகின்றனர். இரண்டாவது கூற்றை நம்பியவர்கள் வைத்தியரிடம் அவசரப்படுகின்றனர்.

யான் பல் வைத்தியன் அல்லன். கலைப் பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்துவரும் ஒருவன். எனினும், இத்தகைய ஐயங்களோடு பெற்றோர் முதலில் வந்து நிற்பது பாடசாலை அதிபரின் மேசைக்கு முன்பேயாகும். ஆகவே, இத்துறை வல்லோர் கண்டு கூறியவற்றைப் படித்தும் கேட்டும் அறிந்த அளவில், பல் எவ்வாறு நகர்கிறது, அப்போது வேருக்கும் என்புக்கும் நிகழ்வது யாது என்பதை இன்று எடுத்துச் சொல்ல விழைகின்றேன்.

பல் தாடை என்பிலே நேராகப் புதைந்து நிற்கிறது என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். சுவரில் அறைந்த ஆணியைப் போன்றது அது என்பது நம் எண்ணம். உண்மை அதுவன்று. பல்லின் வேருக்கும் அதைச் சூழ்ந்த என்புக்குமிடையே மிக நுண்ணிய ஓர் இடைவெளி உண்டு. அதன் அகலம் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. அவ்விடைவெளியை எண்ணிறந்த நார்கள் நிரப்பியுள்ளன. அந்நார்களின் ஒரு முனை வேரின் மேற்புறத்தைப் போர்த்தியிருக்கும் சீமெந்துப் படையிலும், மறுமுனை என்பிலும் பதிந்திருக்கிறது. நார்களின் நடுவே குருதிக் குழாய்களும், நரம்புகளும், உயிர்க்கலங்களும், ஒருவகை நீர்மமும் உள்ளன. எனவே, ஏணையிலே கிடக்கும் குழந்தையைப் போல, ஒவ்வொரு பல்லும் நார்களாலான ஒரு படுக்கையிலே தொங்கிக்கொண்டிருக்கிறது எனலாம். பல்லுக்கும் என்புக்கும் நடுவே இந்த நார்ப்படலம் இல்லாவிடின், உலகத்திலுள்ள எந்தக் கம்பியாலும் பல்லை நகர்த்த இயலாது. செயற்கையாக என்பிலே பதிக்கப்படும் உலோகப் பல்வேர் கம்பிக்கு அசையாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

இங்கே ஒரு கேள்வி எழும். நாம் இறைச்சியையும் முறுக்கையும் கடிக்கும்போது பற்களின்மீது பல கிலோகிராம் பாரம் விழுகிறது. அப்போது நகராத பல், சில பத்துக் கிராம் விசையே தரும் மெல்லிய கம்பிக்கு ஏன் நகர்கிறது? விடை, விசையின் அளவில் அன்று, அது நீடிக்கும் காலத்திலே இருக்கிறது. ஒரு முறை கடிப்பது ஒரு விநாடி அளவே நீடிக்கும். அதற்குள் படலத்திலுள்ள நீர்மம் தலையணை போல் நின்று பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. விசை நீங்கியதும் யாவும் முன்போலாகும். கம்பியின் விசையோ இரவும் பகலும் விடாது நிற்பது. விரல் சூப்பும் பழக்கமுள்ள குழந்தையின் முன்பற்கள் வெளியே தள்ளிவருவதும் இதனாலேயே. அக்குழந்தை பற்களைப் பலமாகத் தள்ளுவதில்லை; நாளிற் பல மணி நேரம் மெல்லத் தள்ளுகிறது.

விடாது நிற்கும் மெல்லிய விசை பல்லை எவ்வாறு நகர்த்துகிறது? எங்கள் கடற்கரையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மாரிகாலத்திலே வாடைக் காற்றோடு வரும் அலைகள் கரையின் ஓரிடத்து மணலை அரித்துச் செல்கின்றன. மற்றோரிடத்தில் மணலைக் கொண்டுவந்து குவிக்கின்றன. புல்மோட்டையின் கரிய கனிய மணற்படிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது இவ்விதமேயாகும். கரை ஒரே கரைதான். ஆனால் அதன் மணல் ஒருபுறம் குறைந்து மறுபுறம் நிறைகிறது. பல்லைச் சூழ்ந்த என்பிலும் நிகழ்வது இதுவே. கம்பி பல்லை எத்திசையில் தள்ளுகிறதோ, அத்திசையிலுள்ள நார்ப்படலம் நசுங்குகிறது. எதிர்த் திசையிலுள்ள நார்கள் இழுபடுகின்றன. நசுங்கிய பக்கத்திலே என்பை அரிக்கும் கலங்கள் வந்து கூடி, என்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வழிவிடுகின்றன. இழுபட்ட பக்கத்திலே என்பைக் கட்டும் கலங்கள் எழுந்து புதிய என்பை இடுகின்றன. இவ்வாறு பல்லும் அது நிற்கும் குழியும் சேர்ந்தே இடம்பெயர்கின்றன. பல்லை நகர்த்துவது கம்பி என்று சொல்கிறோமேயன்றி, மெய்யாக நகர்த்துவது உடம்பே. கம்பி குறிப்புக் கொடுக்கிறது. வேலை செய்வது உயிருள்ள என்பு.

இவ்வுண்மையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத் தெளிவாகக் காட்டியவர் சுவீடன் நாட்டுப் பல் வைத்தியரான கார்ல் சாண்ட்ஸ்டெட் என்பவர். அவருக்கு முன்பு, என்பு வளைந்து கொடுப்பதனாலேயே பல் நகர்கிறது என்று கருதியவர்கள் இருந்தனர். சாண்ட்ஸ்டெட் நாயின் முன்பற்களுக்கு விசை கொடுத்து, பின்னர் அப்பற்களையும் சூழ்ந்த என்பையும் மெல்லிய தகடுகளாகச் சீவி ஆராய்ந்தார். 1904, 1905 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய ஆய்வுகளில் இரண்டு செய்திகள் முதன்மையானவை. இழுபட்ட பக்கத்திலே புதிய என்பு தோன்றுகிறது என்பது ஒன்று. அழுத்தப்பட்ட பக்கத்திலே, மெல்லிய விசைக்கும் வலிய விசைக்கும் உடம்பு ஒரே விதமாக விடையளிப்பதில்லை என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது செய்தியே நம்முடைய இன்றைய பொருளுக்கு உயிர்நாடி. விசை மெல்லியதாக இருந்தால், நசுங்கிய படலத்தில் குருதி ஓட்டம் குறையுமேயன்றி அற்றுப்போகாது. ஆகவே இரண்டொரு நாளில் அரிக்கும் கலங்கள் வந்து, வேரை ஒட்டிய என்பின் முகப்பையே கரைக்கத் தொடங்கும். பல் சீராக நகரும். விசை வலியதாக இருந்தால், குருதிக் குழாய்கள் அடைபட்டுவிடும். குருதி செல்லாத இடத்தில் உயிர்க்கலங்கள் மடியும். மடிந்த பகுதி கண்ணாடி போன்ற ஒரு திட்டாகக் கிடக்கும். அரிக்கும் கலங்கள் அவ்விடத்திற்கு நேரே வர இயலாமல், என்பின் உட்புறத்திலிருந்து சுற்றிச் சுரங்கம் தோண்டிக்கொண்டு வரவேண்டியிருக்கும். அதற்கு ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை வரை செல்லும். அதுவரை பல் அசையாது நிற்கும்; பிள்ளைக்கு வலி மட்டும் மிகும். இறுக்கிக் கட்டினால் விரைவில் முடியும் என்ற எண்ணம் பிழையானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

எவ்வளவு விசை தகும் என்பதை வரையறுக்க முயன்றவர் வியன்னா நகரத்து மார்ட்டின் சுவார்ஸ். வேரின் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பின்மீது 20 முதல் 26 கிராமுக்கு மேற்படாத விசையே உகந்தது என்று 1932 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். நுண்ணிய குருதிக் குழாய்களினுள்ளே குருதி பாயும் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவே என்பது அவர் கணக்கு. பிற்காலத்து ஆய்வாளர் இக்கணக்கைப் பலவாறு திருத்தினர். ஒவ்வொரு பல்லுக்கும், ஒவ்வொருவகை நகர்வுக்கும் அளவு வேறுபடும் என்பதை இன்று அறிவோம். பல்லை உள்ளே அமிழ்த்துவதற்குப் பத்து முதல் இருபது கிராம் போதும் என்பர். ஆயினும், குருதி ஓட்டத்தை அடைக்காத விசையே நல்ல விசை என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது. தக்க விசையால் ஒரு பல் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நகரும். கம்பி வைத்தியம் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீள்வது வைத்தியரின் சோம்பலால் அன்று; என்பின் நடை அவ்வளவே என்பதாலாகும்.

இனி, பெற்றோரை அச்சுறுத்தும் கேள்விக்கு வருவோம். என்பு கரையும்போது வேர் ஏன் கரைவதில்லை? வேரைப் போர்த்துள்ள சீமெந்துப் படைக்குள் குருதிக் குழாய்கள் இல்லை. அதன் மேற்பரப்பில் இன்னும் இறுகாத மெல்லிய ஒரு படையும் காவலாக உள்ளது. எனவே அரிக்கும் கலங்கள் என்பை நாடுமளவுக்கு வேரை நாடுவதில்லை. ஆனால் வேர் முற்றிலும் தப்பிவிடுகிறது என்று சொல்வது உண்மையாகாது. மடிந்த திட்டை அகற்ற வரும் கலங்கள், அதனை அடுத்துள்ள சீமெந்தையும் சிறிது சுரண்டிவிடுகின்றன. விசை நின்றதும், அந்தச் சிறு குழிகளைப் புதிய சீமெந்து நிரப்பி மூடும். ஆனால் வேரின் நுனி கரைந்து குறுகிவிட்டால், அந்த நீளம் மீண்டு வளராது.

இதனை உலகம் அறியாமலிருக்கவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் கெச்சம் என்னும் பல் சீரமைப்பு நிபுணர் 1927 ஆம் ஆண்டிலேயே எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு, கம்பி போட்டவர்களின் வேர்நுனி குறுகுவதை எடுத்துக்காட்டினார். அதன் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் பலவற்றின் சாரம் இது: சிகிச்சை பெறுவோரில் மிகப் பலருக்கு வேர்நுனி சிறிதளவு குறுகுகிறது. பெரும்பாலும் அது ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு உட்பட்டது; அதனாற் பல்லுக்கு ஊறு நேர்வதில்லை. நான்கு மில்லிமீற்றருக்கு மேலோ, வேரின் மூன்றிலொரு பங்குக்கு மேலோ குறுகுவது நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரையில் காணப்படுகிறது. மேல் முன்பற்களிலேயே இது மிகுதி. கம்பி அகற்றப்பட்டதும் இவ்வரிப்பு நின்றுவிடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வேர்நுனி கூம்பி மெலிந்த பகுதியாதலால், பல்லைத் தாங்குவதில் அதன் பங்கு குறைவு. நுனியில் மூன்று மில்லிமீற்றர் குறைவது, முரசின் ஓரத்து என்பு ஒரு மில்லிமீற்றர் குறைவதற்கு ஏறத்தாழ ஒப்பானது என்று கணக்கிட்டுள்ளனர்.

ஆகவே, வேர் கரைந்து பல்லெல்லாம் விழும் என்பது மிகை. வேருக்கு ஒன்றுமே ஆகாது என்பதும் மிகை. இடைப்பட்டது உண்மை. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை அறிந்து நடப்பதே அறிவுடைமை. வேர் இயல்பாகவே குட்டையாகவோ, நுனி வளைந்தோ கூர்ந்தோ அமைந்தவர்கள், பரம்பரையால் இத்தன்மை உடையவர்கள், முன்பு பல்லில் அடிபட்டவர்கள் ஆகியோரிடம் இது மிகுதியாக நிகழ்கிறது. பாடசாலை மைதானத்திலே கிரிக்கெட் பந்து பட்டோ, துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்தோ முன்பல்லில் அடிபடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். பல் உடையாததால் வீட்டில் அது மறக்கப்பட்டுவிடும். கம்பி போடச் செல்லும்போது அந்த அடியைப் பற்றி வைத்தியரிடம் அவசியம் சொல்லுதல் வேண்டும். சிகிச்சை தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதத்தில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பதும், வேர் குறுகக் கண்டால் இரண்டு மூன்று மாதங்கள் விசையை நிறுத்தி வேருக்கு ஓய்வளிப்பதும் வைத்தியர் கைக்கொள்ளும் முறைகள். அவர் அவ்வாறு நிறுத்தினால், காலத்தைக் கடத்துகிறார் என்று நினைத்தலாகாது.

கம்பியின் உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். முற்காலத்தில் பொன்னும், பின்னர் துருப்பிடியா உருக்கும் கம்பியாயின. உருக்குக் கம்பியைச் சிறிது வளைத்தாலும் அதன் விசை மிக உயரும்; பல் சிறிது நகர்ந்ததும் விசை சடுதியாக வீழும். 1960 ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடமொன்றில் நிக்கலும் தைத்தேனியமும் கலந்த ஓர் உலோகம் உருவாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அது பல் வைத்தியத்துக்கு வந்தது. மிக வளைத்தாலும் மெல்லிய விசையையே நெடுநாள் சீராகத் தருவது அதன் சிறப்பு. தைத்தேனியம் என்பது எங்கள் கரையோரத்து இல்மனைட்டிலும் ரூட்டைலிலும் அடங்கியுள்ள உலோகமே. 1957 ஆம் ஆண்டில் அமைந்த கனிய மணற் கூட்டுத்தாபனத்தின் வழியாக உலகம் அறிந்த அந்தக் கரிய மணலின் மூலப்பொருளுக்கு, பிள்ளைகளின் வாயிலும் ஒரு பணி உண்டு என்பதை எங்கள் மாணவர்கள் வியந்து கேட்பார்கள். ஆயினும், உலோகம் எதுவானாலும், வேர் குறுகாது என்று உறுதி கூறத்தக்க கம்பி இதுவரை இல்லை. கம்பியைக் காட்டிலும் அதைக் கையாளும் கையே முதன்மையானது.

தகுதியற்ற கை என்ன செய்யும் என்பதற்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். முன்பற்களிடையே உள்ள இடைவெளியை மூடுவதற்கு, பணக்கட்டைச் சுற்றும் சிறு இறப்பர் வளையத்தைப் பற்களில் தாமாகவே மாட்டிக்கொள்வோர் உளர். பல்லின் வேர் மேலே செல்லச் செல்லக் கூம்பி ஒடுங்குவதால், அவ்வளையம் வழுக்கி முரசினுள்ளே ஏறிவிடும். பின்பு கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருந்தபடியே நார்களை அறுத்து என்பை அழிக்கும். நல்ல பற்கள் இரண்டும் ஆடி விழுந்த நிகழ்ச்சிகள் வைத்திய ஏடுகளிற் பதிவாகியுள்ளன. மிக மலிவான வளையம் அது, விசையும் பெரிதன்று. கண்காணிப்பு இல்லாமையே அங்கே கேடாக முடிகிறது.

கண்காணிப்பு என்றதும், எங்கள் போன்ற ஊர்களின் இடர் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். சிகிச்சை தொடங்கிய பின்னர், நான்கு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை செல்லுதல் வேண்டும். புல்மோட்டையிலிருந்து திருகோணமலைக்கோ அதற்கு அப்பாலோ பேருந்தில் ஒருநாள் போய் வருவதென்றால், கடற்றொழில் செய்யும் தந்தைக்கு அன்றைய வருமானம் இல்லை; பிள்ளைக்கு அன்றைய பாடம் இல்லை. ஆகவே ஒரு முறை தவறுகிறது. பின்பு மறுமுறையும் தவறுகிறது. அதன் விளைவு என்ன? கழன்ற கம்பி வேண்டாத திசையில் பல்லைத் தள்ளலாம். சிகிச்சை நீளும். சிகிச்சை நீள நீள வேர் குறுகும் வாய்ப்பும் கூடும். வேர் கரையுமென்று அஞ்சிப் போகாமலிருப்பதும், வசதியின்மையாற் போகாமலிருப்பதும் வேருக்கே தீங்காக முடிகின்றன. இதனால், அத்தகைய நாள்களில் அப்பிள்ளையை வராதவர் பட்டியலிற் கடிந்துகொள்ளாமல், தவறிய பாடத்தை மறுநாள் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் கடமை என்று எம் சக ஆசிரியர்களுக்குக் கூறுவதுண்டு.

முரசின் நலத்தையும் மறத்தலாகாது. பல்லைச் சுற்றி அழுக்குப் படிந்து முரசு வீங்கியிருக்கும்போது விசை கொடுத்தால், என்பு கரையும், மறுபுறம் கட்டப்படாது. கம்பியின் இடுக்குகளிலே உணவு தங்குவதால், கம்பி போட்ட பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட இருமடங்கு கவனத்தோடு பல் துலக்கவேண்டும். நல்ல முரசும் நல்ல என்பும் இருந்தால், வளர்ந்தவர்களும் இச்சிகிச்சையைப் பெறலாம். என்பு எவ்வயதிலும் உயிருள்ளதே.

இறுதியாக, கம்பி அகற்றும் நாள் சிகிச்சை முடிந்த நாளன்று. பல் புதிய இடத்துக்கு வந்துவிட்டாலும், அதைத் தாங்கும் நார்கள் பழைய இழுப்பை உடனே மறப்பதில்லை. வேரைச் சூழ்ந்த நார்கள் ஒழுங்குபட மூன்று நான்கு மாதங்கள் செல்லும். முரசிலுள்ள நார்களுக்கு ஓராண்டு வரையும் செல்லும். அதுவரை, பல்லை நிலைநிறுத்தும் தட்டை வைத்தியர் சொன்னபடி அணிதல் வேண்டும். அதைப் பெட்டியில் வைத்துவிட்டால், இரண்டாண்டு உழைப்பில் ஒரு பங்கு சில மாதங்களில் வீணாகும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்குக் கம்பி போடுமுன் வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளையின் வேர்கள் எப்படி இருக்கின்றன? இடையில் எப்போது படம் எடுத்துப் பார்ப்பீர்கள்? கம்பி அகற்றிய பின் எவ்வளவு காலம் தட்டு அணியவேண்டும்? தகுதி பெற்ற வைத்தியர் இக்கேள்விகளுக்கு மகிழ்ந்து விடை தருவார். விடை கேட்டுத் தெளிந்தபின், குறித்த நாளிற் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். மெல்லிய விசைக்கு என்பு தானே வழிவிடும்; அதற்குரிய காலத்தை மட்டும் நாம் கொடுத்தாற் போதும்.